ஆயுள் உள்ளவரை: வொயிட் கிராஸ் விருந்தினர் பண்ணையின் 103 ஆண்டுகள்

எதைப் பற்றிய ஆய்வு

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், கிராண்ட் டீட்டன் தேசியப் பூங்காவுக்குள், டெத் கேன்யன் நடைபாதைக்குப் போகிற சாலை ஒரு புல்வெளியைத் தாண்டிச் செல்கிறது. மேற்கே நெடுக மலை. புல் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் வரிசையாக மரக்குடில்கள். இதுதான் வொயிட் கிராஸ் பண்ணை. 1913இல் மாட்டுப் பண்ணையாகத் தொடங்கியது. 1919 முதல் 1985 வரை விருந்தினர் பண்ணையாக, அதாவது நகரத்துக்காரர்கள் பணம் கொடுத்துத் தங்கிப் போகும் பண்ணையாக, நடந்தது. பிறகு இருபது ஆண்டுகள் ஆளில்லாமல் கிடந்து, 2016இல் வேறொரு வேலைக்காக முழுதாகச் சீராகி நின்றது.

காட்டோரத்தில் விடுதி நடத்துகிறவர்களுக்கும், பழைய கட்டடங்களைக் கையகப்படுத்தும் துறைகளுக்கும் இதில் கற்றுக்கொள்ள நிறைய இருப்பதால் எழுதுகிறேன். பண்ணைக் குடும்பத்தாரின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். முதலாமவர், பங்காளி, இரண்டாமவர் என்றே குறிப்பிடுகிறேன். பொது வரலாற்றில் இடம்பெற்ற சிலரின் பெயர்கள் மட்டும் வரும்.

பின்னணி: அழகு உண்டு, விளைச்சல் இல்லை

ஜாக்சன் ஹோல் என்பது சுமார் 50 மைல் நீளமுள்ள ஒரு பள்ளத்தாக்கு. கடல்மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேல். அதன் மேற்கு விளிம்பில் டீட்டன் மலைத்தொடர், அடிவாரக் குன்று எதுவும் இல்லாமல், தரையிலிருந்து நேராக ஏறுகிறது. உச்சி 13,775 அடி. வடக்கே 1872இல் அமைந்த யெல்லோஸ்டோன், உலகின் முதல் தேசியப் பூங்கா.

பார்க்க வருகிறவனுக்கு இது சொர்க்கம். உழுது பிழைக்க வந்தவனுக்கு வேறு கதை. ஆண்டில் ஆறு மாதம் பனி. உறைபனி விழாத நாட்களை எண்ணினால் இரண்டு மாதம் தேறினால் அதிகம். மண்ணின் பெரும்பகுதி பனியாறு கொண்டுவந்து கொட்டிய கூழாங்கல்; அதில் சேஜ்பிரஷ் புதர்தான் தானாக வளரும். கோடையில் புல்லை அறுத்துக் காயவைத்து, குளிர்காலம் முழுக்க மாட்டுக்குப் போட வேண்டும். புல் பொய்த்த ஆண்டில் மாடு சாகும், இல்லையென்றால் அடிமாட்டு விலைக்குப் போகும்.

1913இல் இரண்டு இளைஞர்கள் அருகருகே தலா 160 ஏக்கர் குடியேற்ற நிலம் பதிந்தார்கள். 1862ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி, நிலத்தில் வீடு கட்டிக் குடியிருந்து, ஒரு பகுதியைப் பயிர் செய்து காட்டினால் பட்டா கிடைக்கும். முன்பு ஐந்தாண்டு இருக்க வேண்டும் என்றிருந்த விதி, 1912இல் மூன்றாண்டாகக் குறைக்கப்பட்டிருந்தது. இரண்டையும் சேர்த்து 320 ஏக்கரில் மாட்டுப் பண்ணை. புல்வெளியில் உயரமாக வளர்ந்த வெளிறிய புல்லே பண்ணைக்குப் பெயராயிற்று.

இருவரும் அதற்கு முன் பக்கத்தில் இருந்த பார் பிசி என்ற விருந்தினர் பண்ணையில் வேலை பார்த்தவர்கள். விருந்தினர் தொழிலின் உள்ளும் புறமும் தெரிந்துகொண்டுதான் மாட்டுத் தொழிலுக்கு வந்தார்கள் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டும்.

1919: மாட்டிலிருந்து மனிதருக்கு

விருந்தினர் பண்ணை அவர்கள் கண்டுபிடித்த தொழில் அல்ல. 1880களில் வட டகோட்டாவின் மெடோரா அருகே ஈட்டன் சகோதரர்கள் என்ற மூவர் மாட்டுப் பண்ணை வைத்திருந்தார்கள். கிழக்கு நகரங்களிலிருந்து நண்பர்கள் வருவார்கள், வாரக்கணக்கில் தங்குவார்கள், சாப்பாட்டுச் செலவு ஏறிக்கொண்டே போகும். விருந்தாளிகளே வெட்கப்பட்டுப் பணம் கொடுக்கத் தொடங்கினார்கள். அங்கேதான் தொழில் பிறந்தது. நகரத்திலிருந்து வருகிறவரை ‘டூட்’ என்று அழைத்ததால் இதற்கு டூட் ராஞ்ச் என்று பெயர். 1904இல் அந்தச் சகோதரர்கள் வயோமிங்குக்கே இடம் மாறினார்கள். ஜாக்சன் ஹோலில் 1908இல் ஜேஒய் பண்ணையும் 1912இல் பார் பிசியும் விருந்தினரை ஏற்றன.

பிறகு முதல் உலகப் போர். ஐரோப்பாவுக்குக் கோடைப் பயணம் போய்க்கொண்டிருந்த பிலடெல்பியா, நியூயார்க் பணக்காரக் குடும்பங்களுக்குக் கடல் வழி அடைபட்டது. அவர்கள் மேற்கே திரும்பினார்கள். ரயில் கம்பெனிகளும் அதையே விளம்பரம் செய்தன.

1919இல் வொயிட் கிராஸ் விருந்தினரை ஏற்கத் தொடங்கியது. மாடு வளர்ப்பவன் வானத்தையும் சிகாகோ சந்தையையும் நம்பியிருந்தான். விருந்தினர் பண்ணைக்காரனின் மூலதனமோ எதிரே நிற்கும் மலை. அதற்குத் தீனி போட வேண்டியதில்லை. போர் முடிந்து இரண்டே ஆண்டில் விளைபொருள், கால்நடை விலைகள் சரிந்தபோது, பள்ளத்தாக்கின் மாட்டுக்காரர்கள் கடனில் மூழ்கினார்கள். விருந்தினரை ஏற்றவர்கள் தலைதூக்கி நின்றார்கள். மாறிய நேரம் அதிர்ஷ்டமாக அமைந்தது என்று சிலர் சொல்லலாம். தொழிலை முன்பே கூலிக்குச் செய்து பழகியிருந்ததால்தான் அந்த நேரத்தில் மாற முடிந்தது என்பது என் கருத்து.

பண்ணை நடந்த விதம்

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பின்னால் எதைக் காப்பாற்ற எல்லோரும் பாடுபட்டார்கள் என்பது இதில்தான் விளங்கும்.

ஐடஹோ பக்கம் விக்டர் என்ற ஊரில் ரயில் பாதை முடிந்துவிடும். அங்கே இறங்கி, 8,431 அடி உயரமுள்ள டீட்டன் கணவாயை வண்டியில் கடந்து பள்ளத்தாக்குக்குள் இறங்க வேண்டும். இவ்வளவு பாடுபட்டு வருகிறவர் இரண்டு நாளில் திரும்ப மாட்டார். ஒரு மாதம், பல குடும்பங்கள் கோடை முழுவதும். புதிதாக வர விரும்புகிறவர் தமக்குத் தெரிந்தவர்களிடம் அறிமுகக் கடிதம் வாங்கி அனுப்ப வேண்டும் என்பது அந்தக் காலத்துப் பண்ணைகளின் வழக்கம். வீட்டுக்கு வரும் உறவாளியைப் போலத்தான் நடத்தினார்கள். அதனால் யாரை வீட்டுக்குள் விடுவது என்ற கேள்வியும் இருந்தது. இந்தக் கதவு எல்லோருக்கும் திறக்கவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். பணமும் வெள்ளையர் மேல்தட்டு வட்டத்து அறிமுகமும் இருந்தவர்களின் உலகம் அது.

குடில்கள் லாட்ஜ்போல் பைன் கட்டைகளால் ஆனவை. அந்த மரம் கம்பம்போல நேராக வளரும், ஒரே பருமனில் கிடைக்கும், மலைச்சரிவிலேயே இருக்கும். கட்டையின் முனையைக் குடைந்து மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கவ்வ வைத்து, இடுக்குகளில் மரச்சிம்பு அடித்துச் சாந்து பூசுவார்கள். அஸ்திவாரம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. சில கற்கள், அவற்றின் மேல் அடிக்கட்டை. உள்ளே ஒரு இரும்பு அடுப்பு, கட்டில், முகம் கழுவ ஜாடியும் வட்டிலும். விருந்தாளி கண் விழிக்கும் முன்பே பையன் ஒருவன் வந்து அடுப்பு மூட்டி வெந்நீர் வைத்துவிட்டுப் போவான். சாப்பாடு பொதுக்கூடத்தில், மணி அடித்ததும் எல்லோரும் ஒன்றாக. குளிர்காலத்தில் ஏரியில் அறுத்த பனிக்கட்டியை மரத்தூளுக்குள் புதைத்து வைத்து, கோடை முழுக்க இறைச்சிக்கும் பாலுக்கும் பயன்படுத்தினார்கள்.

ஆனால் பண்ணையின் நாளைத் தொடங்கி வைத்தவை குதிரைகள். இரவு மேய்ச்சலுக்கு விட்ட குதிரைகளை விடிவதற்கு முன்பே குதிரைக்காரர்கள் பட்டிக்கு ஓட்டி வருவார்கள். தலைமைப் பெட்டைக் குதிரையின் கழுத்து மணி முதலில் கேட்கும், பிறகு குளம்புச் சத்தம், பிறகு புழுதி. விருந்தாளிக்கு வந்த அன்று ஒரு குதிரை ஒதுக்கப்படும். கிளம்பும் வரை அது அவருடையது. சேணம் பூட்டக் கற்றுக்கொண்ட குழந்தை அடுத்த ஆண்டும் அதே குதிரையைக் கேட்கும். அதே குழந்தை வளர்ந்து, கோடை விடுமுறையில் பண்ணையிலேயே குதிரைக்காரனாக வேலைக்குச் சேரும், பின்னாளில் தன் பிள்ளைகளை விருந்தாளியாக அழைத்து வரும். கணக்குப் புத்தகத்தில் இந்தப் பிடிப்புக்கு வரவு எழுத இடமில்லை. எழுபது ஆண்டுகள் கழித்துப் பண்ணையை மீட்க உதவியதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

1920களில் பங்காளி விலகினார். முதலாமவர் தனியாக, பிறகு மனைவியுடன், பண்ணையை நடத்தினார். 1930களின் பொருளாதார மந்தத்தை விருந்தினர் தொழில் அடி வாங்கியே கடந்தது. முதலாமவர் காலமானபின், அவருடைய மனைவியின் மகன் பொறுப்பேற்றார். இவரே இந்த ஆய்வில் இரண்டாமவர்.

பூங்கா வளர்கிறது: 1923 முதல் 1950 வரை

பண்ணையைச் சுற்றி இந்த இடைவெளியில் பெரிய மாற்றங்கள் நடந்தன.

1910களில் ஜாக்சன் ஏரியில் கான்கிரீட் அணை கட்டி நீர்மட்டத்தை 39 அடி உயர்த்தினார்கள். ஐடஹோ வயல்களுக்குத் தண்ணீர் போயிற்று. கரையோரம் நீரில் மூழ்கிய மரங்கள் பட்டுப்போய்க் கூட்டமாக நின்றன. மற்ற ஏரிகளுக்கும் இதே கதி வரும் என்ற அச்சத்தில்தான் விருந்தினர் பண்ணைக்காரர்கள் முதன்முதலாக ஒன்றுகூடினார்கள். 1923 ஜூலை 26 அன்று, ஸ்னேக் ஆற்றங்கரையில் ஒரு பெண்மணியின் மரக்குடிலில், யெல்லோஸ்டோன் பூங்காவின் தலைமை அதிகாரி ஹொரேஸ் ஆல்பிரைட்டுடன் உள்ளூர்க்காரர்கள் சிலர் அமர்ந்து பேசினார்கள். பார் பிசியின் உரிமையாளர்களும் அதில் இருந்தார்கள். தேசியப் பூங்கா வேண்டும் என்று அன்று பலரும் கேட்கவில்லை. மாடும் குதிரையும் விருந்தாளியும் வேட்டையும் இருக்கட்டும். அணையும் விளம்பரப் பலகையும் கண்டபடி முளைக்கும் கடைகளும் வேண்டாம் என்பதே அவர்கள் கேட்டது.

1926இல் எண்ணெய்த் தொழில் கோடீஸ்வரரின் மகனான ஜான் டி. ராக்பெல்லர் ஜூனியர் குடும்பத்துடன் வந்தார். ஜென்னி ஏரிப் பக்கம் மலையை மறைத்துக்கொண்டு நின்ற தந்திக் கம்பிகளும் பெட்ரோல் நிலையங்களும் நடனக் கூடமும் அவர்களை வருத்தின. மறு ஆண்டு ‘ஸ்னேக் ரிவர் லேண்ட் கம்பெனி’ என்ற பெயரில் நிலம் வாங்கும் வேலை தொடங்கியது. வாங்குபவர் யார் என்று தெரிந்தால் விலை ஏறும் என்பதால் பெயரை மறைத்தார்கள். சுமார் 35,000 ஏக்கர், ஏறக்குறைய 14 லட்சம் டாலர். 1930இல் உண்மை வெளிவந்தபோது ஊர் கொதித்தது. 1933இல் செனட் குழு ஜாக்சனுக்கே வந்து விசாரித்து, சட்டத்துக்குப் புறம்பாக எதுவும் நடக்கவில்லை என்றது. ஆனால் மனத்தாங்கல் போகவில்லை. தன் நிலத்தை விற்றவனுக்கு, யாருக்கு விற்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும் என்பது நியாயமான எதிர்பார்ப்புதான்.

பூங்கா மூன்று கட்டமாக வந்தது. 1929இல் மலைகளும் அடிவார ஏரிகளும் மட்டும், 96,000 ஏக்கர். 1943 மார்ச்சில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் பள்ளத்தாக்கைத் தேசியச் சின்னப் பகுதியாக அறிவித்தார், 2,21,000 ஏக்கர். எதிர்த்து அதே ஆண்டு ஒரு ஹாலிவுட் நடிகர் முன்னால் குதிரையேறிச் செல்ல, பண்ணைக்காரர்கள் அனுமதி கேட்காமல் மாடுகளை அந்த நிலத்தின் குறுக்கே ஓட்டிச் சென்றார்கள். 1949இல் ராக்பெல்லர் தாம் வாங்கியதை அரசுக்குக் கொடுத்தார். 1950 செப்டம்பர் 14 அன்று ஜனாதிபதி ட்ரூமன் கையெழுத்திட, இரண்டும் ஒரே பூங்கா ஆயின, சுமார் 3,10,000 ஏக்கர்.

வொயிட் கிராஸ் அந்த நிலக் கம்பெனிக்கு விற்கவில்லை. எனவே 1950க்குப் பிறகு, நாலாபுறமும் பூங்கா சூழ்ந்த தனியார் நிலமாக அது மிஞ்சியது.

1956: எடுத்த முடிவு

1956இல் இரண்டாமவர் பண்ணையை தேசியப் பூங்காச் சேவைக்கு விற்றார். ஆனால் ஆயுட்கால அனுபவ உரிமையைத் தன்னிடம் வைத்துக்கொண்டார். நம் ஊர் செட்டில்மென்ட் பத்திரங்களில் ‘ஆயுள் உள்ளவரை அனுபவித்துக்கொண்டு, ஆயுளுக்குப் பின்’ என்று எழுதுவார்களே, ஏறக்குறைய அதேதான். நிலம் அரசுடையது. அவர் உயிரோடு இருக்கும் வரை குடியிருக்கலாம், விருந்தினர் பண்ணையை நடத்தலாம். பிறகு எல்லாம் பூங்காவுக்கு.

அன்று அந்தப் பள்ளத்தாக்கின் பண்ணைக்காரர்கள் எல்லோர் முன்னாலும் நின்ற கணக்கை வைத்துப் பார்த்தால் இது நிதானமான முடிவு. நிலத்தின் சந்தை மதிப்பு ஏறிக்கொண்டிருந்தது. அதோடு வரியும், வாரிசுகள் கட்ட வேண்டிய மரபுரிமை வரியும் ஏறும். கோடை வருமானத்தில் ஓடும் பண்ணையால் அதைத் தாங்க முடியாமல், பாகம் பிரித்து வீட்டுமனையாக விற்க வேண்டி வரும். காரும் நல்ல சாலையும் வந்துவிட்டன; ஒரு மாதம் தங்கியவர் இப்போது இரண்டு இரவு தங்குகிறார். 1955இல் ஜாக்சன் ஏரிப் பக்கம் ராக்பெல்லர் கட்டிய பெரிய விடுதி திறந்தது. இந்த நிலையில், கையில் பணமும் வேண்டும், வாழ்க்கையும் மாறக்கூடாது, புல்வெளியும் மனையாகக்கூடாது என்று நினைத்த ஒருவருக்கு இதைவிட நல்ல வழி கிடைத்திருக்காது.

புல்வெளி பிழைத்தது. பண்ணை இன்னும் 29 கோடைகள் நடந்தது. பள்ளத்தாக்கின் பல விருந்தினர் பண்ணைகள் அதற்குள் மூடப்பட்டுவிட்டன. இந்த இரண்டும் அந்த முடிவின் பலன். இதில் எனக்கு ஐயமே இல்லை.

குறை வேறு இடத்தில் இருந்தது. கட்டடங்களின் எதிர்காலம் யார் கணக்கிலும் இல்லை. 1956இல் அந்தக் குடில்களுக்கு முப்பது வயதுதான். அவற்றைப் பாரம்பரியம் என்று யாரும் பார்க்கவில்லை. அமெரிக்காவில் ஒரு கட்டடத்தை வரலாற்றுச் சின்னமாகப் பரிசீலிக்கப் பொதுவாக ஐம்பது வயது ஆக வேண்டும். அதற்கான தேசியச் சட்டமே 1966இல்தான் வந்தது. பூங்காவின் அன்றைய நோக்கமோ, வாங்கிய நிலத்திலிருந்து மனிதச் சுவடுகளை நீக்கி இயற்கையிடம் ஒப்படைப்பது.

கவனித்தது: முடிகிற உரிமை, நனைகிற கட்டை

ஆயுட்கால உரிமை ஒரு கட்டடத்தை மெல்ல மெல்ல எப்படிப் பாதிக்கிறது என்று பார்ப்போம். கூரையை மாற்றினால் முப்பது ஆண்டு வரும். அறுபது வயதுக்காரர் தனக்குப்பின் இடிக்கப்படலாம் என்று தெரிந்த குடிலுக்கு முப்பதாண்டுக் கூரை போடுவாரா? அரசும் தன் கைக்கு இன்னும் வராத கட்டடத்தில் பணம் போடாது. தன் பெயரில் இல்லாத நிலத்தின் மேல் கடன் கேட்டால் வங்கியும் தராது. ஆக, ஓட்டை அடைப்பது மட்டுமே நடக்கும். யாரையும் குறை சொல்ல முடியாது; ஒவ்வொருவரும் தன் நிலையில் சரியாகவே நடப்பார்கள். கட்டடம் மட்டும் தளர்ந்துகொண்டே போகும்.

மரக்குடிலில் முதலில் போவது அடிக்கட்டை. ஆறு மாதப் பனி சுவரோரம் குவிந்து, வசந்தத்தில் உருகி, மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கும் கட்டைக்குள் ஈரம் ஏறும். வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும். கத்தி முனையால் குத்தினால் கேக்கில் இறங்குவதுபோல் இறங்கும். அடிக்கட்டை நசுங்கியதும் சுவர் ஒரு பக்கம் அமரும், கதவு மூடாது, ஜன்னல் சட்டம் கோணும், கூரை விலகும், அந்த இடைவெளியில் மீண்டும் தண்ணீர். அடுப்பு எரிந்து ஆள் புழங்கிய வரை உள்ளே காயும். ஆள் போனதும் அந்தக் காய்ச்சலும் நின்றுவிடும்.

1985இல் இரண்டாமவர் காலமானார். பண்ணை மூடப்பட்டது. ஜாக்சன் ஹோலில் அத்தனை காலம் தொடர்ந்து நடந்த விருந்தினர் பண்ணை அன்று வேறு எதுவும் இல்லை. தட்டுமுட்டுச் சாமான்கள் போயின, சில கட்டடங்கள் அகற்றப்பட்டன, மிஞ்சியவை கதவடைத்து நின்றன. 1990இல் வொயிட் கிராஸ் தேசிய வரலாற்றுச் சின்னப் பதிவேட்டில் ஏறியது. பதிவேடு கட்டடத்தைச் செப்பனிடாது. இடிப்பதற்கு முன் யோசித்துக் காரணம் சொல்ல வைக்கும். அந்தத் தடைதான் அடுத்த பதினைந்து பனிக்காலங்களுக்குக் குடில்களை நிற்க வைத்தது.

அக்கம்பக்கத்தில் நடந்தது

அதே மலையடிவாரத்தில் இன்னும் மூன்று பண்ணைகள், மூன்று வகை உரிமை.

பெல்ப்ஸ் ஏரிக்கரையில் இருந்த ஜேஒய், 1932இல் ராக்பெல்லர் குடும்பத்தின் கோடை இல்லமாயிற்று. பெரும்பகுதியை முன்பே பூங்காவுக்குக் கொடுத்துவிட்டு, மிஞ்சிய 1,106 ஏக்கரையும் மகன் லாரன்ஸ் ராக்பெல்லர் 2001இல் கொடுக்க முன்வந்தார். கட்டடங்களும் சாலைகளும் மின்கம்பிகளும் அகற்றப்பட்டு நிலம் பழைய நிலைக்குத் திருப்பப்பட்டது. 2008இல் மக்களுக்குத் திறந்தது. அங்கே பண்ணையின் தடயத்தைத் தேட வேண்டும். ஆனால் கொடுத்தவர் என்ன நடக்க வேண்டும் என்று முன்பே தீர்மானித்தார், அதற்கான பணத்தையும் ஏற்பாட்டையும் செய்தார், அதுவே நடந்தது.

பார் பிசி, நிலக் கம்பெனிக்கு விற்று, ஆயுள் குத்தகையில் 1980கள் வரை நீடித்தது. இப்போது ஆற்றங்கரையில் குடில்கள் தாங்கு கொடுத்து நிற்கின்றன. சில தேறியிருக்கின்றன, சில சாய்ந்துவிட்டன.

ட்ரையாங்கிள் எக்ஸ் 1926இல் ஒரு குடும்பம் தொடங்கியது. நிலம் இன்று பூங்காவுடையது. ஆனால் அவர்கள் பெற்றது குறிப்பிட்ட ஆண்டுகளுக்கான உரிம ஒப்பந்தம். பராமரிப்பு யார் கடமை என்பது அதில் இருக்கும். காலம் முடிந்ததும் மறுபடி பேசுவார்கள். அதே குடும்பம் இன்றும் நடத்துகிறது. அமெரிக்க தேசியப் பூங்காக்களுக்குள் இப்படி உரிமம் பெற்று நடக்கும் ஒரே விருந்தினர் பண்ணை அதுதான். இதைப் பார்க்கும்போது 1956 ஒப்பந்தத்தின் ஓட்டை தெளிவாகத் தெரிகிறது. மனிதரின் ஆயுளோடு முடிச்சுப் போட்ட உரிமை அவரோடு முடிந்தது. தவணையோடு முடிச்சுப் போட்டது புதுப்பிக்கப்பட்டது.

மீட்பு: 2005 முதல் 2016 வரை

2000களின் தொடக்கத்தில் பூங்காச் சேவையும், வரலாற்றுப் பாதுகாப்புக்கான தேசிய அறக்கட்டளையும் கைகோத்தன. எடுத்த முடிவு துணிச்சலானது. விடுதியாக மீண்டும் நடத்தப் போவதில்லை. காட்சிக்கூடமாகவும் வைக்கப் போவதில்லை. பழைய மரக்கட்டடங்களைச் செப்பனிடும் கைத்திறனைக் கற்றுத்தரும் இடமாக, மேற்கத்திய வரலாற்றுப் பாதுகாப்பு மையத்தின் இருப்பிடமாக மாற்றுவது.

இதில் எனக்குப் பிடித்தது, காரணத்தின் எளிமை. அமெரிக்க மேற்கின் பூங்காக்களில் இப்படிப்பட்ட மரக்கட்டடங்கள் ஏராளம். அவற்றைத் தொடத் தெரிந்த தச்சர்கள் குறைந்துகொண்டு வந்தார்கள். அழுகிய அடிக்கட்டையை மாற்றக் கற்றுக்கொள்ள, அழுகிய அடிக்கட்டை உள்ள குடிலைவிட நல்ல பள்ளிக்கூடம் எது?

வேலை 2005இல் தொடங்கியது. குடிலை ஜாக்கி வைத்து அங்குலம் அங்குலமாகத் தூக்குவார்கள். வேகமாகத் தூக்கினால் மூலைக் கவ்வல் பிளந்துவிடும். கெட்ட கட்டையை எடுத்து, அதே பருமனுள்ள புதுக் கட்டையை, மேல்கட்டையின் வளைவுக்கு ஏற்பச் சீவிப் பொருத்துவார்கள். கீழே முறையான அஸ்திவாரம். நல்ல கட்டையை மாற்றக்கூடாது. கெட்ட பகுதி மட்டும் போக வேண்டும். எனவே பழைய கருத்த கட்டைக்குக் கீழே வெளிர் மஞ்சளாக ஒரு வரிசை தெரியும். வெயிலும் பனியும் பட்டுத்தான் அது நிறம் மாற வேண்டும்.

தேவைப்பட்ட இன்னொன்று தகவல். எந்தக் குடில் எதற்குப் பயன்பட்டது, எங்கே என்ன இருந்தது என்பதையெல்லாம் முன்னாள் விருந்தாளிகளும் குதிரைக்காரர்களும் சொன்னார்கள். புகைப்படங்களும் கடிதங்களும் வந்தன. ஒதுக்கிய குதிரையை அடுத்த ஆண்டும் கேட்ட அந்தக் குழந்தைகள்தான் இவர்கள், நரைத்த தலையோடு. 2016இல், பூங்காச் சேவையின் நூற்றாண்டில், மிஞ்சிய 13 கட்டடங்களின் வேலையும் முடிந்தது. இப்போது கோடையில் பயிற்சிக்கு வருகிறவர்களும் செப்பனிடும் குழுவினரும் அவற்றில் தங்குகிறார்கள். அடுப்பும் விளக்கும் எரிகின்றன. மரக்குடிலுக்கு அதைவிடப் பெரிய பராமரிப்பு கிடையாது.

எதை மாற்றிச் செய்திருக்கலாம்

முதலில் 1956 பத்திரம். ஆயுட்கால உரிமை தரும்போதே, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை இரு தரப்பும் கட்டடங்களைப் பார்வையிட்டு, பெரிய பழுதுகளை இன்னாருடைய செலவில் செய்வது என்று எழுதியிருக்க வேண்டும். விலையில் ஒரு பகுதியைப் பராமரிப்பு வைப்பாக ஒதுக்கியிருந்தால், கூரை மாற்ற யாரும் தயங்கியிருக்க மாட்டார்கள்.

அடுத்தது, ஒப்படைக்கும் நாளுக்கான திட்டம். உரிமையாளருக்கு வயதாகிறது என்பது யாருக்கும் தெரியாத செய்தியல்ல. பார் பிசியிலும் வொயிட் கிராஸிலும் ஒரே பத்தாண்டுக்குள் சாவி பூங்காவின் கைக்கு வந்தது. இரண்டு இடத்திலும் மறுநாள் காலையில் என்ன செய்வது என்ற ஏற்பாடு இல்லை. 1970களிலேயே பதில் கேட்டிருந்தால், பண்ணையை உரிம ஒப்பந்தமாக மாற்றிக் குடும்பத்துக்கோ வேறொருவருக்கோ கொடுத்திருக்கலாம். பக்கத்திலேயே அதற்கு முன்மாதிரி இருந்தது.

ஒவ்வாத கருத்து ஒன்றையும் சொல்ல வேண்டும். எல்லாக் கட்டடத்தையும் காப்பாற்றியிருக்க வேண்டும் என்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. ஜேஒய்யில் கட்டடங்களை எடுத்தது சரி. அங்கே ஏரிக்கரைக்கு அமைதி வேண்டும் என்று முடிவெடுத்தவர் இருந்தார். வொயிட் கிராஸில் சில கட்டடங்கள் போனது யாரும் முடிவெடுக்காததால். இடிப்பதும் காப்பதும் முடிவாக இருந்தால் விவாதிக்கலாம். கிடப்பில் போட்டு இடிய விடுவதை யாரிடம் போய் விவாதிப்பது?

கடைசியாக, ஆட்களின் நினைவு. சமையற்காரர், குதிரைக்காரர், வெந்நீர் வைத்த பையன் ஆகியோரிடம் 1985இலேயே உட்கார்ந்து கேட்டு எழுதியிருந்தால், இருபது ஆண்டு கழித்து ஆளாளுக்கு அலைந்து திரட்ட வேண்டியிருந்திருக்காது. விருந்தாளிகள் எடுத்த படங்களில் விருந்தாளிகளே அதிகம் இருக்கிறார்கள். அடுப்படியில் நின்றவர்களின் பக்கம் இன்னும் மெலிந்தே இருக்கிறது. இதுபோன்ற ஒரு விடுதியைக் கையில் வாங்கும் எவரும், சாவி வாங்கிய வாரமே ஒலிப்பதிவுக் கருவியோடு முதலில் போக வேண்டிய வீடு அங்கே வேலை பார்த்தவருடையது.